பொம்மைத் தலைக்குள் இருந்து ஒரு புகார்

நான் வேலை செய்யும் பொழுதுபோக்குப் பூங்காவின் பெயரையும், என் புகாரில் என்ன எழுதினேன் என்பதையும் இங்கே சொல்லப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் (எல்லோரும் போஷ் என்பார்கள்) அதை வெளியிடக் கூடாது என்று 16ஆம் பிரிவில் சொல்கிறது. யாரையும் அடையாளம் காட்டாமல், கிடைத்த நீதியைப் பற்றி மட்டும் பேசலாம் என்கிறது அதே பிரிவு. எனக்கு அது போதும்.

என் வேலை பொம்மை வேஷம். பெரிய தலை, பஞ்சு வைத்த உடம்பு, தடித்த கையுறை. வெளியே பார்ப்பதற்கு பொம்மையின் வாயில் வலை அடித்த ஒரு இடைவெளி மட்டும். நேரே நிற்கிற குழந்தை தெரியும். பக்கத்தில் யார், பின்னால் யார் என்பது தெரியாது. பொம்மை பேசக் கூடாது என்பது விதி. கத்தினாலும் அந்தப் பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? காணும் பொங்கல் கூட்டத்தில் போட்டோ எடுக்கிற சாக்கில் ஒரு கை எங்கே போகிறது என்பது உள்ளே இருப்பவளுக்குத் தெரியும், யாருடைய கை என்பது தெரியாது. உடை மாற்றும் அறையில் இதைப் பற்றிப் பேசுவோம், திட்டுவோம், சில நாள் சிரிக்கவும் செய்வோம். அப்புறம் அடுத்த ரவுண்டுக்குத் தலையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

புகார் கொடுக்கிறேன் என்றதும் சூப்பர்வைசர் சொன்ன முதல் வார்த்தை, "நீ ஏஜென்சி ஆளும்மா, எங்க ஸ்டாஃபே இல்லையே." ஏஜென்சியில் கேட்டால், "சம்பவம் அவங்க இடத்துல நடந்தது, அவங்ககிட்டதான் கேக்கணும்." இந்த வேலையில் ஏறக்குறைய எல்லோரும் கான்ட்ராக்ட்தான் என்பதால், பெரும்பாலான புகார்கள் இந்த இடத்திலேயே செத்துப்போகின்றன. ஆனால் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பயிற்சிக்கு வந்தவர் எல்லோருமே பணியாளர்தான். ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆளைப் பற்றி முதன்மை நிறுவனத்துக்கே தெரியாமல் இருந்தாலும் இது பொருந்தும். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் புகாரோடு இணைத்தேன். அதற்கப்புறம் 'எங்க ஸ்டாஃப் இல்லை' என்ற பேச்சு வரவில்லை.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் இடத்தில் ஒட்டியிருந்தார்கள்தான், ஹெச்ஆர் அறைக்குள். நாங்கள் பின் கேட் வழியாக வந்து பின் கேட் வழியாகப் போகிறவர்கள். ஹெச்ஆர் அறை எந்த மாடியில் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறவர்களும், 10 பேருக்குக் குறைவான இடத்தில் இருப்பவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

புகாரை ஆறு பிரதிகள் கொடுக்க வேண்டும், சாட்சிகளின் பெயர், முகவரியோடு. நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத வராதவர்களுக்கு எழுதிக்கொடுத்து உதவுவதும் குழுவின் கடமை. இவற்றை விட அவசரமானது சிசிடிவி. மூன்று மாத அவகாசமெல்லாம் புகாருக்குத்தான், கேமராவுக்கு இல்லை. பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிக்கொண்டிருக்கும். எந்த நேரம், எந்தப் பகுதி என்று குறிப்பிட்டு, 'இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்' என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்து, நகலில் 'பெறப்பட்டது' என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வேலையில் வேறு சாட்சி கிடைப்பது கஷ்டம்.

புகாரில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் எதிர்த்தரப்பு. யார் மேல் புகார்? டிக்கெட் வாங்கி வந்து, சாயங்காலம் போய்விட்ட ஒருவர் மேல். குழுவில் வெளியாள் ஒருவர் இருந்தாக வேண்டும். எங்கள் குழுவில் அவர் ஒரு வழக்கறிஞர். (இரு தரப்புக்கும் வக்கீல் வைத்து வாதாட அனுமதி இல்லை, இவர் குழு உறுப்பினராக இருந்தவர்.) அந்த மேடம்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்: ஆள் யாரென்று தெரியாமல் அவர் மேல் விசாரணை நடத்த முடியாது, ஆனால் நிறுவனத்தின் கடமை அப்படியே இருக்கிறது. பணியிடத்துக்கு வந்துபோகிற வெளியாட்களிடமிருந்தும் பணியாளருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. வெளியாள் மேல் போலீஸில் புகார் கொடுக்க விரும்பினால், அதற்கு உதவ வேண்டியதும் நிறுவனம்தான்.

காவல் நிலையத்துக்கு ஹெச்ஆரிலிருந்து ஒரு பெண் கூட வந்தார். அன்று எஃப்ஐஆர் போடவில்லை; புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். வெறும் கையோடு திரும்பாதீர்கள், அந்த ரசீதாவது வாங்குங்கள். அந்த ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை, கிடைப்பார் என்று நான் நினைக்கவும் இல்லை.

எனவே என் கோரிக்கையை மாற்றி எழுதினேன். ஆளைப் பிடிப்பதோடு நிற்காமல், இனி எப்படி வேலை நடக்க வேண்டும் என்பதையும் கேட்டேன். அது முடிவாகும்வரை கூட்டத்துக்குள் நடக்கும் வேலையிலிருந்து மேடை நிகழ்ச்சிக்கு மாற்றச் சொன்னேன். சம்பளம் குறையக் கூடாது என்பதையும் எழுத்தில் வாங்கினேன். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் பொம்மை வேஷம் போடுபவர்களும் அணிவகுப்புக் கலைஞர்களும் 2024 மே மாதம் வாக்கெடுப்பு நடத்தித் தொழிற்சங்கம் சேர்ந்த செய்தியை இணைத்திருந்தேன். ஹெச்ஆர் சிரித்துவிட்டு, "அமெரிக்காக் கதையெல்லாம் இங்க எதுக்கும்மா?" என்றார். வெளி உறுப்பினர் வாங்கி, கடைசி வரி வரை படித்தார்.

கிடைத்தது இதுதான். பொம்மை எங்கே போனாலும் கூடவே ஒரு துணையாள், வேஷம் போடாமல், சீருடையில். போட்டோ எடுப்பவர்கள் பொம்மைக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் வரக் கூடாது. கூட்ட நாட்களில் கயிறு கட்டிய இடத்துக்குள் மட்டும்தான் பொம்மை நிற்கும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போக வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இந்தச் சைகை மற்ற எல்லாவற்றையும் விட உதவுகிறது. வெயிலில் தலை சுற்றினாலும் அதே சைகைதான். ஒரு ரவுண்டு 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றும் கேட்டிருந்தேன். அதை 'பரிசீலனையில்' என்று வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தலைக்குள் யாராவது பரிசீலித்தால் நன்றாக இருக்கும்.

துணையாளாக வருகிற தம்பி சின்னப் பையன், ஆனால் குரல் பெரிசு. "அண்ணே, முன்னாடி வாங்க, அக்காவுக்கு வழி விடுங்க" என்று அவன் சொன்னதும் உள்ளே ஒரு பெண் இருப்பது கூட்டத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் பாதித் தொல்லை குறைந்தது. பொம்மையின் மாயம் கெட்டுப்போகிறது என்று நிகழ்ச்சி மேலாளருக்கு வருத்தம். எனக்கு இல்லை.

போஷ் சட்டம் பெண்களுக்கு மட்டும். கரடி வேஷம் போடும் பையன்களைக் காலேஜ் கும்பல் குத்துவதும் உதைப்பதும் வாலைப் பிடித்து இழுத்துத் தள்ளுவதும் அதில் வராது. அவர்களுக்கும் துணையாள் வேண்டும் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறோம். இதை எந்தக் குழு பார்க்கும் என்று கேட்டால், ஏஜென்சியிடம் கேட்கச் சொல்கிறார்கள்.