விழும்போது என்ன சொல்லிவிட்டு விழுகிறது?

2012 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு டிகாக்‌ஷன் இறங்கக் காத்திருந்தபோது கைபேசி அலறியது. மணி ஐந்து முப்பத்தைந்து. ஜாவா மொழியில் எழுதிய செயலிகள் ஓடிய பதினான்கு சர்வர்களிலும் சிபியு நூறு விழுக்காட்டில் நிற்கிறது. ஒரு சர்வர் படுத்தால் அதன் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். பதினான்கும் ஒரே நிமிடத்தில் படுத்தால் யாரோ எதையோ தொட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் யாரும் எதையும் தொடவில்லை. சனிக்கிழமை இரவு எல்லோரும் ஒழுங்காகத் தூங்கப் போயிருந்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் ஜாவாவைத் திட்டித் தீர்த்தேன். நிறுத்திவிட்டு மீண்டும் ஓடவிட்டேன். அடுத்த நொடியே சிபியு ஏறியது. நடப்பதை எல்லாம் எழுதிவைக்கும் லாக்கில் ஒரு வரி புகார் இல்லை. சர்வரையே அணைத்து ஏற்றினால் மட்டும் அடங்கியது. மூன்றாவது சர்வரை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் ரெட்டிட் இணையதளமும் அதே நேரத்தில் தடுமாறிய செய்தி கண்ணில் பட்டது. பூமியின் சுழற்சியோடு கடிகாரம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, உலக நேரப்படி ஜூன் 30 நள்ளிரவில் ஒரு நொடியைக் கூடுதலாகச் செருகியிருந்தார்கள். நமக்கு அது காலை ஐந்தரை. சர்வர்களின் இயங்குதளமான லினக்ஸின் மையப்பகுதி, கெர்னல். அதில் பதுங்கியிருந்த ஒரு பிழை அந்த நொடியில் விழித்துக்கொண்டது. "சற்றுப் பொறுத்து எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போன த்ரெட்களை, அதாவது நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலைகளையெல்லாம் கெர்னல் உடனுக்குடன் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தது. ஜாவா அடிக்கடி தூங்கி அடிக்கடி எழும் பிராணி. எனவே வசமாக மாட்டிக்கொண்டது. மருந்து என்ன தெரியுமா? இப்போதைய நேரத்தை வாங்கி அதையே மறுபடியும் நேரமாக வைக்கும் ஒற்றை வரிக் கட்டளை. மீதிப் பதினோரு சர்வர்களும் இரண்டு நிமிடத்தில் சரியாயின. பால் பாத்திரம்தான் சரியாகவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன்.

(2035-க்குள் இந்தக் கூடுதல் நொடிச் சடங்கை நிறுத்திவிடுவதென்று எடைகள், அளவைகளுக்கான பொது மாநாட்டில் 2022 நவம்பரில் தீர்மானித்துவிட்டார்கள். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன் என்று நம்புகிறேன்.)

அன்று ஜாவாவிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஒரு கேள்வி அன்றிலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டது. நான் 2003-இலிருந்து சிஸ்டம் அட்மின், சர்வர்களைப் பராமரிப்பவள். டெவலப்பர்கள் ஒரு மொழியைப் பழகுவது அதில் எழுதும்போது. நான் அதைச் சந்திப்பது பெரும்பாலும் அது குப்புற விழுந்து கிடக்கும்போது, அதுவும் நடு இரவில். "எந்த மொழி நல்ல மொழி" என்று அலுவலகச் சாப்பாட்டு மேசையில் சண்டை வரும்போதெல்லாம் இரண்டு தரப்பும் எழுதும் சுகத்தைப் பற்றியே பேசுகின்றன. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விழும்போது என்ன சொல்லிவிட்டு விழுகிறது, பத்து வருடம் கழித்தும் நிற்கிறதா, இவைதான் என் கணக்கு.

இந்தக் கணக்கில் முதலில் வருவது எல்லோரும் கேலி செய்யும் பெர்ல் மொழி. 2006-இல் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மெயில் சர்வரின் லாக்கை இரவு முழுவதும் சேர்ந்ததைப் படித்து, எத்தனை மெயில் போனது, எத்தனை திரும்பியது, யார் பெயரில் அளவுக்கு மீறிப் போகிறது என்று காலையில் எனக்கு ஒரு தாள் எழுதி அனுப்பும். இருநூறு வரிதான். சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையின் 4-ஆம் பதிப்பில் பிறந்தது, 5-க்கும் 7-க்கும் குடிபெயர்ந்தது, இப்போது இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 12-இல் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நான் மாற்றியது ஒரே வரி, அதுவும் பெர்லின் குற்றமில்லை: டெபியன் 12-இல் லாக்கின் தேதி வடிவத்தை மாற்றிவிட்டார்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் டாலர் குறியும் சாய்கோடும் கொட்டிக் கிடக்கும், கோழி கிளறிய மண் போல. எழுதிய எனக்கே பாதி புரிவதில்லை. ஆனால் ஓடுகிறது.

பெர்லை உருவாக்கிய லாரி வால் மொழியியல் படித்தவர். 1987-இல் அறிக்கைகளைத் தொகுக்கும் வேலைக்காக எழுதத் தொடங்கினார். அதாவது எங்கள் ஆள். பிறகு 2000-இல் பெர்ல் 6 வரப்போகிறது என்றார்கள். வந்தது 2015-இல். 2019-இல் பெயரையும் ராக்கு என்று மாற்றினார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் காத்திருந்து காத்திருந்து பக்கத்து மண்டபத்தில் பைதான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பைதான் வீட்டிலும் சாப்பாடு அமைதியாக முடியவில்லை. பைதான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைதான் 2-க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-இல். இடையில் பதினோரு வருடம் ஒரே சர்வரில் இரண்டு பைதான்களையும் சக்களத்திகளைப் போல வைத்துப் பராமரித்தவர்கள் நாங்கள். ஒருநாள் மாலை ஒரு தம்பி வந்தான். "அக்கா, சர்வரில் எதையுமே நிறுவ முடியவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை." இந்த இரண்டாவது வாக்கியம் வந்தாலே நான் கட்டளை வரலாற்றைத்தான் முதலில் பார்ப்பேன். சென்ட்ஓஎஸ் 7-இல் பைதான் என்றால் இனி பைதான் 3 என்று இணைப்பை மாற்றியிருந்தான். அந்த இயங்குதளத்தில் மென்பொருள் நிறுவும் யம் என்ற கருவியே பைதான் 2-இல் எழுதப்பட்டது என்பது அவனுக்குத் தெரியாது. யம்மை ஓட்டினால் முப்பதாவது வரியில் இருந்த ஒரு காற்புள்ளிக்கு அடியில் அம்புக்குறி போட்டு, தொடரியல் பிழை என்று சொல்லிவிட்டு நின்றது. பைதான் 2-இல் அந்த இடத்தில் காற்புள்ளி சரி, 3-இல் தவறு. இணைப்பைத் திருப்பிவிட ஒரு நிமிடம் ஆனது. அவனுக்கு விளக்க அரை மணி நேரம்.

ஆனால் கவனியுங்கள்: வரி எண் சொன்னது, காற்புள்ளியைக் கையால் தொட்டுக் காட்டியது. கோபத்திலும் முகவரி சொல்லும் மொழி பைதான். அந்த ஒரு குணத்துக்காக அதன் மற்ற பாவங்களை மன்னித்து வைத்திருக்கிறேன்.

ஜாவாவுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, அதிகம் பேசும். இருநூறு வரிக்குப் புலம்பிவிட்டு, உண்மையான காரணத்தை அடியில் எங்கோ ஒளித்து வைத்திருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே சர்வருக்குள் செயலிகளைத் தனித்தனி அறையில் அடைத்து ஓட்டும் கண்டெய்னர் வந்த புதிதில் அது பேசாமலே செத்ததுதான் கொடுமை. 64 ஜிபி நினைவகம் உள்ள சர்வர். அதில் ஒரு கண்டெய்னருக்கு 2 ஜிபிதான் என்று வேலி போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் பழைய ஜாவாவுக்கு வேலி கண்ணில் படாது. முழு 64-ஐயும் பார்த்து, வழக்கம்போல அதில் கால் பங்கு, 16 ஜிபி வரை தனக்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டைத் தாண்டும்போது கெர்னல் கழுத்தைத் திருகிவிடும். செயலியின் லாக்கில் பாதி வாக்கியத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். வெளியேறிய எண் 137 என்பது மட்டும்தான் தடயம்: 128-உடன் 9, அதாவது கொல்லும் சமிக்ஞை. வாக்குமூலம் கெர்னலின் லாக்கில்தான் கிடைக்கும். ஜாவா 10-இல்தான் அதற்கு வேலி சரியாகத் தெரியத் தொடங்கியது. பிறகு ஜாவா 8-இன் 191-ஆவது திருத்தத்திலும் சேர்த்தார்கள். அதற்கு முன் எத்தனை இரவுகள், எத்தனை 137-கள்!

ஆனாலும் ஜாவாவை நான் உண்மையில் சபித்தது 2021 டிசம்பரில். லாக்ஃபோர்ஜே என்ற நூலகம் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) செய்ய வேண்டிய வேலை லாக் எழுதுவது, அவ்வளவுதான். யாரோ ஒருவர் பயனர் பெயர் என்ற கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் முகவரியைத் தட்டச்சு செய்தால், இந்த நூலகம் அதை எழுதி வைப்பதோடு நிற்காமல் அந்த முகவரிக்கே போய் அங்கே கொடுக்கும் நிரலை வாங்கிவந்து ஓட்டும். வாசலில் பெயர் எழுதும் காவலாளி, வந்தவர் சொன்ன வீட்டுக்குப் போய்ச் சாமானைத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்ததைப் போல.

சரி, ஓட்டையை அடைக்கலாம். ஓட்டை எங்கே இருக்கிறது? ஜாவாவில் எல்லோரும் நூலகங்களைத் தங்கள் பொட்டலத்துக்குள்ளேயே கட்டிவைத்துக்கொள்வார்கள். பொட்டலத்துக்குள் பொட்டலம், அதற்குள் இன்னொன்று. எங்களிடம் இருந்த ஒவ்வொரு சர்வரிலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்கும் ஸ்கிரிப்டை (பெர்லில்தான்) எழுதி ஓடவிட்டேன். நூலகத்தை 2.15 பதிப்புக்கு ஏற்றினோம். அது போதாது, 2.16 என்றார்கள். ஏற்றினோம். 2.17 என்றார்கள். மார்கழிக் கோலங்கள் போட்டு முடித்த தெருவில் வேலைக்குப் போய், சபாக்களில் கச்சேரி முடிந்து கூட்டம் கலையும் நேரத்துக்குத் திரும்பினேன். மாதக் கடைசியில் 2.17.1.

இதோடு 2014 ஏப்ரலை வைத்துப் பார்க்கிறேன். ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தது ஓபன்எஸ்எஸ்எல்லில், அதாவது இணையத் தொடர்பை மறையாக்கும் நூலகத்தில்; அது எழுதப்பட்டது சி மொழியில். கேட்டவர் கேட்ட அளவைச் சரிபார்க்காமல், ஒரு தடவைக்கு 64 கேபி வரை நினைவகத்தை அள்ளிக் கொடுத்துவிடும் பிழை. சி மொழிக்கே உரிய வியாதி அது, மறுக்கவில்லை. ஆனால் ஓபன்எஸ்எஸ்எல் எங்கள் சர்வர்களில் பொதுக் கிணறு மாதிரி ஒரே இடத்தில் இருந்தது. ஒரு பொதியைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி ஏற்றினால் தீர்ந்தது. பிறகு சான்றிதழ்களை மாற்றும் வேலை இருந்தது என்றாலும் ஓட்டை ஓர் இரவில் அடைபட்டது. வீட்டுக்கு வீடு குடத்தில் பிடித்து வைத்திருந்தால் எத்தனை குடத்தைக் கவிழ்ப்பது?

கோ மொழியில் எனக்குப் பிடித்ததும் பயப்படுவதும் ஒன்றே, இந்தக் குடம்தான். ஒரே கோப்பு. சர்வரில் கொண்டுபோய் வைத்தால் ஓடும். அதன் அத்தை மாமா யாரையும் கூட்டிவர வேண்டாம். சர்வர்களில் நாங்கள் பயன்படுத்தும் டாக்கர், குபர்நெட்டீஸ், புரோமிதியஸ் எல்லாம் கோ மொழியில் எழுதியவை; அவற்றை நிறுவும்போது நான் கையைப் பிசைந்ததில்லை. ஒவ்வோர் அடியிலும் பிழை வந்ததா என்று கேட்டு எழுத வேண்டியிருக்கிறதே என்று டெவலப்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். நன்றாக அலுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் பகலில் கேட்காத கேள்வியை நான் இரவில் கேட்க வேண்டியிருக்கும். நூலகத்தில் ஓட்டை விழுந்தால் ஒவ்வொன்றையும் மறுபடி கட்டியாக வேண்டும் என்பது கோவின் கடன். ஓர் ஆறுதல், உள்ளே எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று அந்தக் கோப்பிடமே கேட்டால் சொல்லிவிடும். பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

ரஸ்ட் மொழியைப் பற்றியும் கேட்கிறார்கள். அது எங்கள் சர்வர்களில் இன்னும் விழவில்லை. ஆகவே எனக்குக் கருத்தில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சர்வரில் ஓட்டும் நோடு ஜேஎஸ்ஸைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒரு சர்வரில் "இடமில்லை" என்ற பிழை வந்தது. வட்டில் அறுபது விழுக்காடு காலி. டெவலப்பர்கள் வட்டு கெட்டுவிட்டது என்றார்கள். டேட்டா சென்டருக்கே போனேன். (உள்ளே குளிர், வெளியே சித்திரை வெயில், கம்பளிச் சால்வையோடு ஆட்டோவில் ஏறும் என்னை ஓட்டுநர்கள் பார்க்கும் பார்வை தனி.) வட்டு கெடவில்லை. இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் வட்டை வடிவமைக்கும்போதே மொத்தம் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பது முடிவாகிவிடும். அந்த எண்ணிக்கை தீர்ந்திருந்தது. ஒவ்வொரு வெளியீட்டோடும் நூலகங்கள் அடங்கிய நோடு மாட்யூல்ஸ் என்ற கோப்புறை முழுதாக வந்து இறங்கும். பழைய வெளியீடுகளை யாரும் அழிக்கவில்லை. பல லட்சம் குட்டிக் கோப்புகள். எடையில்லை, எண்ணிக்கைதான். கோணிப்பை காலி, ஆனால் கட்டக் கயிறு இல்லை என்ற நிலை.

தொழிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது சிஸ்டம் அட்மின். பிறகு டெவ்ஆப்ஸ் பொறியாளர் என்றார்கள். 2009-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அந்தப் பெயரில் முதல் கூட்டம் நடந்தபோது, எழுதுபவரும் பராமரிப்பவரும் ஒன்றாக உட்காருவது என்பதே நோக்கம். இங்கே வந்து சேர்ந்தபோது அது என் அடையாள அட்டையில் அச்சிட்ட புதுப் பெயராக மட்டும் இருந்தது. பிறகு நம்பகத்தன்மைப் பொறியாளர். இப்போது பிளாட்ஃபார்ம் பொறியாளர். இரவில் அலறும் கைபேசிக்கு மட்டும் இந்த மாற்றங்கள் எதையும் யாரும் தெரிவிக்கவில்லை.

நேர்முகத்தில் பட்டியலைத் தலைகீழாக்கச் சொல்லிப் பலகையில் எழுதவைக்கிறார்கள். இருபது வருடத்தில் எந்தப் பட்டியலையும் நான் தலைகீழாக்கியதில்லை. நான் கேட்பது ஒரே கேள்வி: டிஎஃப் கட்டளை வட்டு நிரம்பிவிட்டது என்கிறது, டியு கட்டளை எல்லாக் கோப்புகளையும் கூட்டிப் பார்த்துப் பாதிதான் என்கிறது, மீதிப் பாதி எங்கே? சென்ற ஆண்டு பெரிய கல்லூரிச் சான்றிதழோடு வந்த எட்டுப் பேர் விழித்தார்கள். ஒன்பதாவதாக வந்தவள் விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பழைய சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். "யாரோ லாக் கோப்பை அழித்திருப்பார்கள் மேடம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். அதை மறுபடி ஏற்றினால் இடம் திரும்பிவிடும்" என்றாள். "எப்படித் தெரியும்?" "நான்தான் அழித்தேன், மேடம்."

அன்றே எடுத்துக்கொண்டேன். இப்போது மேடம் அக்காவாகிவிட்டேன். போன வாரம் என் பெர்ல் ஸ்கிரிப்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இதைக் கோ மொழியில் அழகாக எழுதிவிடலாம், இரண்டு நாள் போதும்" என்றாள். தாராளமாக எழுது, முதல் ஆறு மாதம் அது விழுந்தால் இரவில் அழைப்பு உன் கைபேசிக்குத்தான் வரும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.