வாஷிங்டனில் டூர் பஸ் வேண்டாம், நடந்தே போங்கள்

வாஷிங்டன் பயணத்துக்குச் செலவுக் கணக்கோடு ஒரு பதிவு போடுவதாகச் சொல்லியிருந்தேன். அந்த டூர் பஸ்ஸைத் திட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். வாங்கிய காசுக்கு ரெண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம். ஏசி ஓடவில்லை. பென்சில்வேனியா அவென்யூ முழுக்க வழிகாட்டி அதிபர்கள் வளர்த்த நாய்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். 1913 மார்ச் 3 அன்று பெண்கள் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன தெரு ஐயா இது, அதைப் பற்றி மூச்சு விடவில்லை!

நான் போனதே அதற்காகத்தான். அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களில் ஒருவரான பெர்த்தா பிட்ஸ் கேம்ப்பெல் 1889இல் கான்சாஸில் பிறந்தவர், கொலராடோவில் மான்ட்ரோஸ் உயர்நிலைப் பள்ளியில் ஒரே கறுப்பின மாணவி. அப்புறம் இதே வாஷிங்டனில், கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகம். அங்கே 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டா என்ற மாணவியர் சங்கத்தை ஆரம்பித்த 22 பேரில் இவரும் ஒருவர். சங்கம் தொடங்கி ரெண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊர்வலத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்றார்கள் வெள்ளைக்கார அமைப்பாளர்கள், ஓரத்தில் நின்ற ஆண்கள் கூட்டம் கேலி செய்து மறித்தது, இருந்தும் நடந்தார்கள்.

1923இல் சியாட்டில் போய்க் குடியேறிய கேம்ப்பெல் அங்கேயும் சும்மா இருக்கவில்லை, இனப்பாகுபாட்டை எதிர்த்து வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து நடத்திய அமைப்பை 1942இல் தொடங்கியவர்களில் ஒருவர். 1981இல், 92 வயதில், அந்தப் பழைய ஊர்வலத்தின் நினைவாக இதே தெருவில் பத்தாயிரம் டெல்டா பெண்களுக்குத் தலைமை தாங்கி வந்தாராம்! அந்த ஊர்வல வழி, நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து கருவூலம் வரை சுமார் ரெண்டு கிலோமீட்டர்தான். வெயிலில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வழியில் தண்ணீர் பாட்டில் விற்கிற விலையைக் கேட்டால் தாகமே போய்விடும், கையோடு கொண்டு போங்கள்.

சாப்பாடு என்றால் யு தெருவில் 1958இலிருந்து இருக்கும் பென்ஸ் சில்லி பவுல்தான். ஹாஃப் ஸ்மோக் என்று ஒன்று: புகை போட்ட தடித்த சாசேஜைப் பன்னில் வைத்து, கடுகுச் சாஸ், நறுக்கிய வெங்காயம், மேலே காரமான கறிக்குழம்பு மாதிரி சில்லி. கையெல்லாம் வழியும், வெட்கப்படாமல் நக்கலாம்.

சரி, கணக்கு. மெட்ரோ கார்டு 2 டாலர், பயணக் கட்டணம் தனி. ஹோவர்டைப் பார்த்துவிட்டு ஷா நிலையத்தில் பச்சை லைன் ஏறி ஆர்கைவ்ஸ் நிலையத்தில் இறங்கினால் ஊர்வலம் போன அந்தத் தெருவிலேயே விட்டுவிடும்.