ஜாவா மரபுரிமை வினா: கொம்பைலர் பார்ப்பது ஒன்று, ஓடுவது இன்னொன்று

உயர்தரத்தில் ஐசிடி எடுத்து, பைதன் எழுதிப் பழகி, யாழ்ப்பாணத்திலிருந்து கம்பஸுக்குப் போய் முதல் வருடத்தில் ஜாவாவைத் தொடும் பிள்ளைகள், மரபுரிமை (ஒரு வகுப்பு இன்னொரு வகுப்பின் அம்சங்களைப் பெறுவது) வினாவில் புள்ளியை விடுவது வரைவிலக்கணத்தில் அல்ல. அதைப் பாடமாக்கி எழுதிவிடுவார்கள். இருபது வரிப் புரோகிராமைத் தந்து "வெளியீடு என்ன?" என்று கேட்கும் இடத்தில்தான் புள்ளி போகிறது.

பைதனில் மாறிக்கு வகை அறிவிக்கும் கட்டாயம் இல்லை. எதைக் கேட்டாலும் ஒப்ஜெக்டில் தேடும், இல்லாவிட்டால் அதன் வகுப்பில், பிறகு தாய் வகுப்பில். ஜாவாவில் ஒரே வரியில் இரண்டு வகை நிற்கும்:

படகு ப = நியூ பயணிப்படகு();

இங்கே படகு தாய் வகுப்பு, அதிலிருந்து மரபுரிமை பெறும் பயணிப்படகு பிள்ளை வகுப்பு. இடப்பக்கம் உள்ளது அறிவித்த வகை. கொம்பைலர், அதாவது ஓடுவதற்கு முன் புரோகிராமைச் சரிபார்த்து மொழிமாற்றும் மென்பொருள், நம்புவது அதை மட்டும். வலப்பக்கம் உள்ளது ஓடும்போது உண்மையில் இருக்கும் ஒப்ஜெக்ட். விடைத்தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக இரண்டு நிரல் கீறி, ஒவ்வொரு மாறிக்கும் முதலாம் நிரலில் அறிவித்த வகையையும் இரண்டாம் நிரலில் உண்மையான ஒப்ஜெக்டையும் எழுதிவிட்டே வரிகளுக்குள் இறங்குங்கள்.

சாதாரண மெதட் என்றால் பார்க்க வேண்டியது இரண்டாம் நிரல்: பிள்ளை அதை ஓவர்ரைட் செய்திருந்தால் (தாயின் மெதட்டைத் தன்னிடம் மாற்றி எழுதியிருந்தால்) பிள்ளையுடையதுதான் ஓடும். ஃபீல்டும் (வகுப்புக்குள் அறிவித்த மாறி) ஸ்டாட்டிக் மெதட்டும் (ஒப்ஜெக்டுக்கு அல்ல, வகுப்புக்கே உரியது) முதலாம் நிரல். இரண்டு வகுப்பிலும் 'பெயர்' என்ற ஃபீல்ட் இருந்தால் ப.பெயர் தருவது தாயுடையதை. பிள்ளையின் ஃபீல்ட் அதை மறைக்குமே தவிர ஓவர்ரைட் செய்யாது. பைதன் பழக்கம் கவிழ்ப்பது இங்கேதான். பிள்ளையில் மட்டும் உள்ள மெதட்டை 'ப' மூலம் அழைத்தால், ஒப்ஜெக்டில் அது இருந்தும் கொம்பைல் ஆகாது.

ஓவர்லோடிங்கும் (ஒரே பெயரில் வேறு வேறு பராமீற்றர்களுடன் பல மெதட் எழுதுவது) முதலாம் நிரல்தான். அதனால் இரண்டு ஒப்ஜெக்ட் சமமா என்று பார்க்கும் ஈக்குவல்ஸ் மெதட்டுக்கு 'ஒப்ஜெக்ட்' வகைக்குப் பதிலாக உங்கள் சொந்த வகுப்பைப் பராமீற்றராகக் கொடுத்தால், அது ஓவர்ரைட் அல்ல, ஓவர்லோட். அரேலிஸ்டில் ஒன்று உள்ளதா என்று தேடும் கன்டெய்ன்ஸ் உங்கள் மெதட்டைத் தொடவே தொடாது. மேலே ஓவர்ரைட் அனொட்டேஷன் போட்டிருந்தால் கொம்பைலரே பிடித்துத் தந்திருக்கும். லாப் வேலையில் அதைப் போடாமல் விடுவது வீண் சோம்பல்.

ஒப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கொன்ஸ்ட்ரக்டர் மரபுரிமையாக வராது. ஆனால் பிள்ளையின் கொன்ஸ்ட்ரக்டரில் தாயின் கொன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் சூப்பரை நீங்கள் எழுதாவிட்டால், கொம்பைலர் வெறும் 'சூப்பர்()' ஒன்றைத் தானே செருகும். தாயில் பராமீற்றர் உள்ள கொன்ஸ்ட்ரக்டர் மட்டும் இருந்தால் அந்த அழைப்புக்குப் போக இடமில்லை, பிழை. பைதனில் இப்படிச் செருகுவார் இல்லை: பிள்ளை தன் இனிட்டை (பைதனில் கொன்ஸ்ட்ரக்டரின் இடத்தில் இருப்பது) எழுதி, சூப்பரின் இனிட்டை அழைக்க மறந்தால், தாயின் ஃபீல்டுகள் உருவாகாமலே போய், பின்னர் அவற்றைத் தொடும் வரியில் அற்றிபியூட் எரர் வரும். சூப்பர் அழைப்பு முதல் வரியாகவே இருக்க வேண்டும் என்ற விதி ஜாவா 25 இல் தளர்ந்துவிட்டது. பழைய பாஸ்ட் பேப்பர்களுக்குப் பழைய விதியையே வையுங்கள்.

கெட்டிக்காரரும் சறுக்கும் வினா இது. 'படகு' கொன்ஸ்ட்ரக்டர் காட்டு() என்ற மெதட்டை அழைக்கிறது. 'பயணிப்படகு' அதை ஓவர்ரைட் செய்து, இன்ட் இருக்கை = 40 என்ற தன் ஃபீல்டை அச்சிடுகிறது. புதிய பயணிப்படகு உருவாகும்போது அச்சாவது 0. தாயின் கொன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே பிள்ளையின் ஃபீல்டுகளுக்குப் பெறுமானம் ஏறும். மெதட்டோ அதற்கு முன்பே பிள்ளையுடையதாக ஓடிவிட்டது. அந்த ஃபீல்டுக்கு முன்னால் 'ஃபைனல்' (பெறுமானம் பிறகு மாறாது என்று சொல்லும் சொல்) இருந்தால் 40 என்றே வரும், ஏனென்றால் கொம்பைலர் அந்த மாறிலியை நேரே பதித்துவிடுகிறது. ஒரு சொல்லில் விடை மாறுவதால் வினாவை விரல் வைத்து வாசியுங்கள்.

வகுப்பு வரைபட வினா இலகு. "அ என்பது ஒரு ஆ" என்று சொல்லிப் பொருந்தினால் மரபுரிமை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினியும் நெடுந்தாரகையும் படகுகள்தான் என்றாலும் அவை பிள்ளை வகுப்புகள் அல்ல, ஒப்ஜெக்ட்கள். எஞ்சின் ஒரு படகு அல்ல. அது படகுக்குள் ஃபீல்டாக இருக்கும்.

பாஸ்ட் பேப்பரை முதலில் கையால் செய்யுங்கள். ஐடிஈ (புரோகிராம் எழுதும் மென்பொருள்) சிவப்புக் கோடு போட்டுக் காட்டினால் நீங்கள் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. பிறகு அதே புரோகிராமை நோட்பாடில் தட்டி, ஜாவாசி (ஜாவாவின் கொம்பைலர்) கொடுக்கும் பிழைச் செய்தியை முழுமையாக வாசியுங்கள்.

விடை எழுதும்போது கொம்பைல் பிழையையும் ஓட்டப் பிழையையும் கலக்க வேண்டாம். பத்தாம் வரியில் கொம்பைல் பிழை என்றால் முதல் ஒன்பது வரிகளின் வெளியீட்டையும் எழுதக்கூடாது, புரோகிராம் ஓடவே இல்லை. எந்த வரி, ஏன் என்பதே விடை. அதே இடத்தில் பிழையான காஸ்ட் (வகை மாற்றம்) ஒன்றால் கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன் எழுந்தால், அதுவரை அச்சானதை ஒன்றும் விடாமல் எழுதி, அதன்கீழ் எக்ஸெப்ஷனின் பெயரை எழுத வேண்டும்.