மருதம்பட்டை நாட்குறிப்பு

2024 மார்ச் 4, திங்கள்

காலையில் கொழும்பு புறக்கோட்டையில் மூலிகைக் கடைகள் உள்ள கபோஸ் லேன். இதயத்துக்கு நல்லது என்று குடிக்கிற மருதம்பட்டையைத்தான் எங்கள் குழு ஆராய்கிறது. மருதம்பட்டை, சிங்களத்தில் கும்புக் பட்டை என்று இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்டு, கடைக்குக் கடை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன். ஆய்வுகூட மேசையில் விரித்து வைத்தபோது ஒன்றுபோல ஒன்றில்லை. வெளியே சாம்பல், உள்ளே இளஞ்சிவப்பு என்றிருந்தால் மனம் ஓரளவு நம்பும். தூளாக அரைத்துத் தந்த பொதியை என்ன செய்வது? எந்த மரத்துத் தூள் என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மருது ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நிற்கிற மரம். மரத்தின் வயது, பட்டை உரித்த பருவம், காயவைத்த விதம் எல்லாமே உள்ளிருக்கும் பொருட்களான அர்ஜுனோலிக் அமிலத்தின் அளவையும், துவர்ப்பைத் தரும் தனின்களின் அளவையும் மாற்றும். இதயத்துக்கு நல்லதா என்று கேட்பதற்கு முன் பொதிக்குள் இருப்பது எது என்று தெரிய வேண்டும். இந்த வாரம் முழுக்க அந்த வேலைதான்.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி விடுமுறை. அம்மா கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசரிடம் போய்விட்டார். வீட்டில் அமைதி, பழைய கட்டுரைகளை எடுத்துப் படித்தேன்.

1995 இல் இந்தூரில் இருந்து வந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். வழக்கமான மருந்துகளுக்கும் அடங்காத இதயச் செயலிழப்பு உள்ள 12 பேர், மருதம்பட்டைச் சாறு, நல்ல முன்னேற்றம். 2016 இல் டில்லியில் இருந்து வெளியான பெரிய ஆய்வைச் சொல்பவர்கள் குறைவு. அதில் இடது இதயவறை இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் கூடவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும். முதலாவது கேள்வியைத் திறந்தது. இரண்டாவது அதே கேள்வியை நேர்மையாகக் கேட்டது.

1785 இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர், இதய மருந்தான டிஜிடாலிஸ் செடியைப் பற்றி எழுதியபோது, குணமானவர்களோடு தேறாதவர்களையும் சேர்த்தே எழுதினார். எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத்தான் அவர் தேடினார். ஒரு மூலிகை மருந்தாக மாறிய வழி அதுதான். எங்கள் வைத்திய மரபின் மேல் மதிப்பு இருப்பவர்கள் அதற்கும் இதே கவனத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மார்ச் 13, புதன்

கிளினிக். இதயச் செயலிழப்புக்கு, இதயத்தின் சுருங்கும் வலுவைக் கூட்டும் டிகொக்சினும் சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைடும் எடுக்கிற ஒரு ஐயா. சில நாட்களாகச் சாப்பாட்டில் மனமில்லை, ஓங்காளிக்கிறது என்றார். கொப்பியில் குளிசைகளின் பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"வீட்டில வேற என்ன குடிக்கிறீங்கள் ஐயா? கசாயம் ஏதும்?"

கொஞ்சம் தயங்கினார். "சொன்னா டொக்டர்மார் ஏசுவினம், பிள்ளை."

"நான் ஏசமாட்டன். எனக்கு அதுதான் தெரிய வேணும்."

மருதம்பட்டையைப் பால் விட்டுக் காய்ச்சிக் குடிக்கிறாராம். அவருடைய தாயார் செய்த முறை. இருமலுக்கென்று அதிமதுரமும் தினமும், பல கிழமைகளாக.

அதிமதுரம் என்றதும் எனக்குப் பயம் வந்தது. அதிலிருக்கும் கிளிசிரைசின் உடம்பிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும். ஃபுரோசமைடும் அதையே செய்யும். பொட்டாசியம் குறைந்த இதயத்தில் வழக்கமான அளவு டிகொக்சினே நஞ்சாகலாம். ஓங்காளம் அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. உடனே பெரிய டொக்டரிடம் சொன்னேன். ஈசிஜி எடுத்து, இரத்தம் அனுப்பினோம். பொட்டாசியம் குறைவாகவே வந்தது. ஐயாவை வாட்டில் சேர்த்தார்கள்.

அவர் மறைக்கவில்லை. இவ்வளவு காலமும் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

இதயத்தைச் சேதப்படுத்தக்கூடிய புற்றுநோய் மருந்தான டொக்ஸோரூபிசின் கொடுத்த எலிகளின் இதயத் திசு வில்லைகள், நுண்காட்டியில் பார்ப்பதற்கு, வந்துவிட்டன. சில இதயத்தசைக் கலங்களில் சேதத்தைக் காட்டும் வெற்றிடங்கள் நிறைய, சிலவற்றில் குறைவு. எது மருதம்பட்டைச் சாறும் பெற்ற எலிகளின் கூட்டம் என்று எனக்குத் தெரியாது. குறியீட்டை வேறொருவர் பூட்டி வைத்திருக்கிறார். எண்ணி முடிக்கும்வரை திறக்கக் கூடாது.

மார்ச் 19, செவ்வாய்

குழுக் கூட்டம். அந்த ஐயாவின் பால் கசாயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். பழைய நூல்களின் பால்கசாய முறையில் சரக்கு 1 பங்கு, பால் 8, தண்ணீர் 32; பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்ச வேண்டும். நாங்கள் எலிக்குக் கொடுப்பதோ அற்ககோலில் எடுத்த சாறு. பாலிலுள்ள கேசீன் தனின்களைப் பிடித்துக்கொள்ளும்; பிளேன்டீயில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவது போல. அப்படியானால் குடிப்பவரின் இரத்தத்துக்குப் போய்ச்சேர்வது எது? பாலின் கொழுப்பு எதைக் கூடுதலாக இழுத்துக்கொண்டு வருகிறது? மக்கள் குடிக்காத ஒன்றைச் சோதித்துவிட்டு, அவர்கள் குடிப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாக்குவாதம் நீண்டது. பாலில் செய்தால் ஒரே தரத்தில் திரும்பத் திரும்பச் செய்வது கடினம் என்றார்கள். கடினம்தான். அடுத்த தொகுதியில் இரண்டு முறையிலும் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

கிளினிக் படிவத்துக்குக் கேள்வியும் எழுதிவிட்டேன், தமிழிலும் சிங்களத்திலும்: "வீட்டில் என்ன மூலிகை, கசாயம், தூள் எடுக்கிறீர்கள்? எவ்வளவு? எங்கே வாங்கினீர்கள்? இன்று மிச்சம் இருந்தால் அடுத்த முறை கொண்டுவர முடியுமா?" கடைசி வரி கபோஸ் லேன் பொதிகளைப் பார்த்ததால் சேர்த்தது. நெறிமுறைக் குழுவுக்கு நாளை அனுப்புகிறேன்.