எத்தனை சகோதரர்கள்?

சென்னையில் மருத்துவ ஆய்விதழ்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்யும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் கட்டுரைகள் இரவில் வந்து சேரும். பகலில் நாங்கள் இலக்கணம், நடை, மேற்கோள் பட்டியல் எல்லாவற்றையும் சரிசெய்து பக்கம் கட்டும் பிரிவுக்கு அனுப்புவோம். அங்கிருந்து புரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி, கட்டுரையாளருக்குப் போகும்.

ஒரு நாள் காலை ஒரு புரூஃப் திரும்பி வந்தது. பரம்பரையாக வரும் ரத்த நோய் பற்றிய கேஸ் ரிப்போர்ட். ஒரே நோயாளி, அவருடைய குடும்பம், அவ்வளவுதான். அதில் ஒரு வரி: “ஹிஸ் பிரதர்ஸ் பிளட் சாம்பிள்ஸ் வேர் நார்மல்.” சகோதரருடைய ரத்த மாதிரிகள் இயல்பாக இருந்தன என்று பொருள். எங்களுக்கு வந்த பிரதியில் பிரதர்ஸ் என்ற சொல்லில் அப்பாஸ்ட்ரஃபி, அதாவது உடைமையைக் காட்ட எழுத்துக்கு மேலே போடும் கமா போன்ற குறி, இல்லை. நான் கடைசி எஸ் எழுத்துக்கு முன்னால் ஒன்றைப் போட்டு, பிரதர்’ஸ் என்று, ஒரே சகோதரர் என்ற பொருள் வரும்படி, திருத்தியிருந்தேன். அதன் ஓரத்தில் கட்டுரையாளர் எழுதியிருந்தார்: நோயாளிக்கு இரண்டு சகோதரர்கள், இருவரையும் பரிசோதித்தோம், ஒருவரை மட்டும் பரிசோதித்திருந்தால் இந்தக் கட்டுரையின் வாதமே நிற்காது.

என் டீம் லீடர் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு என்னை அழைத்தார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“தம்பி, இதுல எத்தன பேரு?”

“ஒருத்தர்னு நெனச்சேங்க்கா.”

“நெனச்சியா, பாத்தியா?”

நான் பார்க்கவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே வம்சாவளிப் படம் இருந்தது. அந்த வகைப் படங்களில் சதுரம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். நோயாளியைக் குறிக்கும் கறுப்புச் சதுரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைச் சதுரங்கள் தெளிவாக இருந்தன. படத்துக்குக் கீழே இருந்த விளக்க வரிகளில் காற்புள்ளிகளைக்கூடச் சரிசெய்திருந்தேன். படத்தைப் பார்க்கவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. தவறு புரூஃபிலேயே பிடிபட்டுவிட்டதால் அச்சுக்குப் போகவில்லை. ஆனாலும் ஒரு மருத்துவர் ஆண்டுக்கணக்கில் ஒரு குடும்பத்தைக் கவனித்து எழுதிய உண்மையிலிருந்து ஒரு மனிதரையே நான் நீக்கிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன் நான். அப்பாஸ்ட்ரஃபியைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது ஒரே வரியில்தான்: ராமா’ஸ் புக் என்றால் ராமனுடைய புத்தகம். அதாவது, “உடைய” வருகிற இடமெல்லாம் மேலே ஒரு கமா, பக்கத்தில் ஒரு எஸ். சொல் ஏற்கெனவே எஸ்-ல் முடிந்தால் கமா மட்டும் போதும் என்று ஒரு துணைவிதி. மனப்பாடம் செய்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தக் குறி எங்கே உட்காருகிறது என்பது உடையவர் எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பிரதர்’ஸ், பிரதர்ஸ்’, பிரதர்ஸ் மூன்றும் காதுக்கு ஒன்றுதான். வாய்விட்டுப் படித்தால் பிடிபடாத தவறு இது. கண்ணும் கணக்கும் வேண்டும்.

இன்னொரு காரணம் நம் மொழியின் இயல்பு. தமிழில் “அம்மா சேலை”, “தாத்தா கடை” என்றாலே உடைமை விளங்கிவிடுகிறது. உருபு மறைந்து நின்றாலும் குறையில்லை. அதற்கு வேற்றுமைத்தொகை என்று பெயர் வைத்து, மறைந்திருப்பதை ஆறாம் வேற்றுமை என்று கண்டுபிடிக்கும் வேலையைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறோம். “ஆசிரியர் தினம்” என்று எழுதும்போது ஒரு ஆசிரியரா பல ஆசிரியர்களா என்ற கேள்வியே எழுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது எழுகிறது. செப்டம்பர் 5 அன்று பள்ளி வாசலில் கட்டும் பேனரில் டீச்சர்ஸ்’ டே என்று குறி எஸ்-க்குப் பின்னால் வருவதே பொருத்தம், எல்லா ஆசிரியர்களுக்குமான நாள் என்பதால். நவம்பர் 14 பேனரில் சில்ட்ரன்’ஸ் டே. அங்கே குறியை எஸ்-க்குப் பின்னால் போட்டால் தவறு. சில்ட்ரன் என்பதே பன்மை, சில்ட்ரன்ஸ் என்றொரு சொல் கிடையாது.

அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்த முறை மிக எளிது. உடையவரை மட்டும் முதலில் தனியாக எழுது. ஒருவரென்றால் பிரதர். பலரென்றால் பிரதர்ஸ். அந்தச் சொல்லை முழுசாக எழுதி முடித்த பிறகு அதன் வலது பக்கத்தில் குறியை வை. அப்புறம் எஸ் தேவையா என்று பார். மென், விமன், சில்ட்ரன் எல்லாம் இதே வழியில் சரியாக வந்துவிடும். எத்தனை பேர் என்று தெரியவில்லையா? கட்டுரை முழுக்கத் தேடு. அதிலும் இல்லையென்றால் ஊகிக்காதே, ஏக்யூ போடு. கட்டுரையாளருக்கு நாங்கள் எழுதும் கேள்விகளை ஏக்யூ என்போம். பள்ளியில் படித்த இரண்டு விதிகளையும் விட இந்த ஒன்று எனக்குப் பெரிதாக உதவியது.

அதற்குப் பிறகு இந்தக் குறியின் கதையைத் தேடிப் படித்தேன். பழைய ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட, பல பெயர்ச்சொற்களின் கடைசியில் “எஸ்” என்ற ஓசைக்கு இ, எஸ் என்று இரண்டு எழுத்துகள் இருந்தன. காலப்போக்கில் அந்த இ தேய்ந்து விழுந்தது. விழுந்த எழுத்தின் இடத்தைக் காட்டும் குறி 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பழக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. டோன்ட் என்ற சொல்லில் ஓ விழுந்த இடத்தில் நிற்கிறதே, அதே குறிதான். பன்மைக்கு எஸ்-க்குப் பின்னால் போடும் வழக்கம் நிலைபெற 18-ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது. மறைந்துபோன உருபை நாம் தொகை என்று பெயரிட்டுச் சும்மா விட்டோம், அவர்கள் அந்த இடத்தில் ஒரு கல் நட்டுவைத்தார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நன்னூலைத் திருப்பிப் பார்த்தபோது இன்னொன்று கிடைத்தது. ஆறாம் வேற்றுமைக்கு ஒருமையில் “அது”, “ஆது”, பன்மையில் “அ” என்று உருபுகளைச் சொல்கிறது. எனது கை, என கைகள். அப்படியானால் நம் பழைய இலக்கணமும் எண்ணியிருக்கிறது! ஆனால் அது எண்ணியது உடைமைப் பொருளை. ஆங்கிலக் குறி எண்ணுவது உடையவரை. “என கைகள்” என்று இன்று யாரும் எழுதுவதில்லை, “எனது கைகள்” என்றே எழுதுகிறோம். அந்தக் கணக்கும் நம்மிடமிருந்து போய்விட்டது. இதைப் படித்த அன்று அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஸ்டைல் ஷீட்டை, அதாவது கிளையண்ட் தரும் நடை விதிகளின் பட்டியலை, மூடிவைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

இட்ஸ் என்ற சொல்லில் தவறுவோர் நிறைய. அதற்காக நான் யாரையும் குறை சொல்வதில்லை. உடைமையைச் சொல்லும் இட்ஸ்-க்குக் குறி கிடையாது, இட் இஸ் என்பதன் சுருக்கத்துக்கு உண்டு. ஆனால் 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் மூலப் பிரதியிலேயே உடைமைப் பொருளில் வரும் ஓர் இட்ஸ்-க்கு அப்பாஸ்ட்ரஃபி இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படியும் எழுதினார்கள்.

மருத்துவக் கட்டுரைகளில் பெரிய வேலை வைப்பவை பெயர்கள். தைராய்டு நோய் ஒன்றுக்கு அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயர். கடைசி எஸ் அவருடைய பெயரிலேயே உள்ளது. ஆனால் வரும் பிரதிகளில் பாதி அந்த எஸ்-க்கு முன்னால் குறி போட்டு அவரை கிரேவ் ஆக்கிவிடும். குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிக்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸுக்கும் இதே கதி. கட்டுரையாளர்களின் முகவரி வரிகளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும். அது ஜானுடைய ஹாப்கின்ஸ் அல்ல. நிறுவனருடைய முதற்பெயரே ஜான்ஸ், கொள்ளுப்பாட்டியின் குடும்பப் பெயரை அவருக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே குறிக்கு வேலையே இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது குவீன்ஸ் கல்லூரி. ஆக்ஸ்ஃபோர்டில் 1341-ல் ஃபிலிப்பா அரசியின் பெயரால் தொடங்கிய கல்லூரியில் குறி எஸ்-க்கு முன்னால் இருக்கும், ஒரே அரசி என்பதால். கேம்பிரிட்ஜில் 1448-ல் அஞ்சூவின் மார்கரெட் நிறுவி, பிறகு எலிசபெத் உட்வில் ஆதரித்து வளர்த்த கல்லூரியில் குறி எஸ்-க்குப் பின்னால், இரண்டு அரசிகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு முகவரி வரியைச் சலிப்போடு கடந்துபோக என்னால் முடிந்ததில்லை.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நடைக் கையேடு, நோய்ப் பெயர்களில் உடைமைக் குறியே வேண்டாம் என்கிறது. டவுன் சிண்ட்ரோம், பார்க்கின்சன் டிசீஸ். பிரிட்டிஷ் இதழ்கள் பலவற்றில் பார்க்கின்சன்’ஸ் என்று குறியோடுதான் வரும். அமெரிக்கத் தரப்பின் நியாயம் இது: 1866-ல் அந்த நிலையை விவரித்த ஜான் லாங்டன் டவுன் அதைக் கண்டு எழுதியவர், அது அவருக்கு இருந்ததில்லை, அவருக்குச் சொந்தமுமில்லை. எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. மாற்று உதாரணமும் உண்டு. பேஸ்பால் வீரர் லூ கெரிக் பெயரால் வழங்கும் நரம்பு நோய் உண்மையிலேயே அவருக்கு வந்தது, அதனாலேயே 1941-ல் இறந்தார். அந்தப் பெயரில் குறியை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. சரி, எங்கள் வேலையில் என் மனம் கணக்கில்லை, கிளையண்ட் தந்த ஸ்டைல் ஷீட்தான் கணக்கு.

மரபணுக் கட்டுரைகளில் டிஎன்ஏ இழையின் ஐந்து, மூன்று என்ற முனைகளுக்கு மேலே வரும் சிறு கோடு அப்பாஸ்ட்ரஃபி அல்ல, ப்ரைம் என்ற வேறு குறி. இரண்டையும் மாற்றிப் போடும் பிரதிகளும் வாரத்துக்கு ஒன்று வரும்.

இதெல்லாம் அச்சுலகத்துக்குள் நடக்கும் சின்ன விவகாரம் என்று நினைப்பவர்களிடம் ஓர் ஆஸ்திரேலிய வழக்கைச் சொல்வேன். ரியல் எஸ்டேட் முகவர் ஒருவர், இன்னொரு முகவர் தன் “எம்ப்ளாயீஸ்” ஓய்வூதியத் தொகையைக் கட்டவில்லை என்று 2020-ல் ஃபேஸ்புக்கில் எழுதினார். அந்தச் சொல்லில் அப்பாஸ்ட்ரஃபி இல்லை. அவதூறு வழக்கு வந்தது. இது அற்ப விஷயம், தள்ளுபடி செய்யுங்கள் என்று எழுதியவர் கேட்டார். 2021-ல் நியூ சவுத் வேல்ஸ் மாவட்ட நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரு ஊழியரின் தொகை விடுபட்டது என்றால் கெட்ட நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம், பலருடையது என்றால் அது திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றும் என்பது நீதிபதியின் பார்வை. பிரதர்ஸ் வரியில் நான் இடறிய அதே இடம். அந்தச் செய்தியைப் படித்தபோது கை சில்லிட்டது.

இப்போது புதிதாகச் சேருபவர்களுக்கு நான் பயிற்சி தருகிறேன். மென்பொருள்கள் எஸ் அருகே நீலக் கோடு போட்டு ஒரு திருத்தத்தைத் தாங்களே முன்வைக்கின்றன. கூடவே எத்தனை பேர் என்பதையும் அவையே முடிவுசெய்துவிடுகின்றன. அந்த இடத்தில் மட்டும் நிறுத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். சேர்ந்து மூன்று வாரம்தான். ஒரு குழந்தை நோயாளி பற்றிய கட்டுரை. கடைசியில் ஒப்புதல் வரி: “பேரன்ட்ஸ் கன்சென்ட் வாஸ் அப்டெய்ன்ட்.” மென்பொருள் எஸ்-க்குப் பின்னால் குறி போடச் சொல்லியிருந்தது.

“சார், அம்மா அப்பா ரெண்டு பேருமே கையெழுத்துப் போட்டாங்களான்னு இதுல இல்ல. ஏக்யூ போடலாமா?”

“போடும்மா.”

நான்கு நாளில் பதில் வந்தது. குழந்தையின் தந்தை சிகிச்சை தொடங்கும் முன்பே இறந்துவிட்டார், தாய் மட்டும் கையெழுத்திட்டார், வரியைத் திருத்திவிடுங்கள், கேட்டதற்கு நன்றி என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவள் பேரன்ட்ஸ் என்ற சொல்லை எடுத்துவிட்டு மதர் என்று எழுதினாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு வலது பக்கத்தில் குறியை வைத்து, எஸ் சேர்த்தாள்.