திராட்சைக் கொடி இல்லாத ஊரின் ஒயின் குடும்பம்

சுவிட்சர்லாந்தின் கிராவ்பூண்டன் மாநிலத்தில், கூர் நகரத்து உணவகம் ஒன்றில் ஒயின் பரிமாறும் பணியில் இருந்தபோது, சுவையைக் காட்டிலும் பழைய பிரபுக் குடும்பங்களைப் பற்றித்தான் விருந்தினர்கள் என்னிடம் அதிகம் விசாரித்தார்கள். சாலிஸ் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஒயின் செய்தவர்களாமே என்பார்கள். ஆமென்று சொல்லிக் கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வது எளிதுதான். ஆனால் அந்த விடையில் பாதி உண்மையே இருக்கிறது என்பது நாளடைவில் எனக்கு உறுத்தத் தொடங்கியது.

13ஆம் நூற்றாண்டு முதல் ஆவணங்களில் காணப்படும் இக்குடும்பத்தின் பூர்விகம் பெர்கெல் பள்ளத்தாக்கிலுள்ள சோல்யோ. ஏறத்தாழ 1,090 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவ்வூர் திராட்சைக்கு ஏற்றதன்று; கீழ்ச்சரிவில் இருப்பவை செஸ்ட்நட் தோப்புகள். ஒயின் மலைக்கு அப்பாலிருந்து வந்தது. 1512இல் கிராவ்பூண்டனின் மூன்று கூட்டணிகள் (அக்காலத்தில் அப்பகுதியை ஆண்ட ஊர்க் கூட்டமைப்புகள்), இன்றைய இத்தாலியில் உள்ள வால்தெல்லினா பள்ளத்தாக்கைக் கைப்பற்றி, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் தமக்கு ஆட்பட்ட நிலமாக வைத்திருந்தன. அங்கே ஆளுநர், நீதிபதி முதலிய பதவிகள் விலைபோயின. பணம் கொடுத்துப் பதவிக்கு வந்தவர், போட்ட பணத்தை அபராதமாகவும் கட்டணமாகவும் அந்த மக்களிடமே திரும்ப எடுத்தார். இத்தகைய பதவிகளும் அயல்நாட்டு மன்னர்களுக்குப் படை திரட்டிக் கொடுத்த வருவாயும் சேர்ந்தே சாலிஸ் குடும்பத்தை வளர்த்தன. வெயில் விழும் சரிவுகளில் கற்சுவர் எழுப்பி அடுக்கடுக்காக அமைத்த நெபியோலோ என்ற சிவப்பு ஒயின் திராட்சைத் தோட்டங்களில் கொடியைக் கவாத்து செய்தவர்களும் கூடை சுமந்தவர்களும் உள்ளூர்க் குடியானவர்களே. அவர்கள் நிலவுடைமையாளருக்குக் குத்தகையைப் பெரும்பாலும் ஒயினாகவே அளந்தார்கள். குடும்ப மரபு என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பெரும்பங்கு, என் கணிப்பில், இந்தக் குத்தகைக் கணக்குதான்.

மதமும் இதில் குறுக்கிட்டது. 1620இல் வால்தெல்லினாவின் கத்தோலிக்கர் கிளர்ந்தெழுந்து புரொட்டஸ்டண்டுகளைக் கொன்றனர்; அந்நிலம் கிராவ்பூண்டனின் கையை விட்டுப் போனது. 1639 மிலான் உடன்படிக்கையின்படி அது கிராவ்பூண்டனுக்குத் திரும்பியபோது, புரொட்டஸ்டண்டுகள் அங்கே நிலையாகக் குடியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சாலிஸ் குடும்பத்தின் பல கிளைகள் புரொட்டஸ்டண்ட் கிளைகள். ஆளலாம், அறுவடையின் பங்கைப் பெறலாம், குடியேற முடியாது என்ற அந்த நிலையை விளக்கும்போது விருந்தினர்கள் சிலர் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிப்புக்குரியதாகப் பட்டதில்லை.

1797இல் நெப்போலியன் வால்தெல்லினாவை, வட இத்தாலியில் தாம் உருவாக்கிய சிசால்பைன் குடியரசுடன் இணைத்தார். கிராவ்பூண்டன் குடும்பங்களின் சொத்துகள் அங்கே பறிமுதலாயின. நெப்போலியனின் வீழ்ச்சியை ஒட்டி ஐரோப்பிய எல்லைகளை வகுத்த 1815 வியன்னா மாநாடும் அந்நிலத்தைத் திருப்பித் தரவில்லை. குடும்பத்துக்கு மலையின் இப்பக்கத்திலும் தோட்டங்கள் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். மாலான்ஸ் ஊரின் போத்மார் மாளிகை அவற்றுள் ஒன்று; பாரிஸில் பிரெஞ்சு மன்னரின் சுவிஸ் காவற்படை அதிகாரியாக இருந்த கவிஞர் யோஹான் கௌடென்ஸ் ஃபொன் சாலிஸ்-ஸேவிஸ் 1762இல் அங்கேதான் பிறந்தார். அண்டை ஊரான மையன்ஃபெல்டின் சாலனெக் மாளிகையும் ஒரு காலத்தில் சாலிஸ் வசம் இருந்து, 1654இல் குகெல்பெர்க் குடும்பத்துக்குப் போனது.

ஆட்சி போன பின்னும் கிராவ்பூண்டன்காரர்களின் நாக்கு மாறவில்லை. வால்தெல்லினா ஒயின் பெர்னினா கணவாய் வழியே பீப்பாய்களில் தொடர்ந்து வந்தது. 1910இல் அவ்வழியே ரயில் பாதையும் முழுமை பெற்றது. எல்லையோரமாகச் சுவிஸ் பக்கத்தில் இருக்கும் போஸ்கியாவோ பள்ளத்தாக்கின் ஒயின் குடும்பங்கள் சில இன்றும் வால்தெல்லினாவில் தோட்டம் வைத்திருக்கின்றன; இந்த முறை பதவியின் பலத்தால் அன்று, விலை கொடுத்து.