குறைந்த தண்ணீர் எங்கே போனது?

இப்போது ரோட்டில் ஓடுகிற சின்ன ஜப்பான் கார்களில் பெரும்பாலானவற்றுக்குச் சூடு காட்டும் முள் கிடையாது. விட்ஸ், வேகன் ஆர், ஆல்ட்டோ என்று எதை எடுத்தாலும் டாஷ்போர்டில் அநேகமாக லைட் மட்டும்தான். எஞ்சின் குளிராக இருந்தால் நீலம், கொதித்தால் சிவப்பு, இடையில் ஒன்றுமில்லை. முள் இருந்த பழைய வண்டிகளில் அது நடுவைத் தாண்டி ஏறுவதைக் கண்டதுமே ஆட்கள் கராஜுக்கு வந்துவிடுவார்கள். இப்போது சிவப்பு எரிந்த பிறகுதான் விஷயம் தெரியவருகிறது, அப்போதும் கொஞ்சத் தூரம்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று ஓட்டிவிட்டால் எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கு அடியில் ஓட்டை அடைத்து நிற்கிற கஸ்கட் போய்விடும். அதற்குப் பிறகு அது ஆயிரக்கணக்கில் முடிகிற வேலை அல்ல.

திருகோணமலையில் கராஜ் வேலை செய்கிற எனக்கு இந்தச் சிவப்பு லைட் நன்றாகப் பழகின ஒன்று. சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இன்னும் அதிகம் வரும். வருகிறவர்கள் அநேகமாக ஒரு முடிவோடுதான் வருவார்கள்: ரேடியேட்டர் அடைப்பு, இல்லாவிட்டால் வாட்டர் பம்ப். ஆனால் நான் பொனட்டைத் திறக்க முன் கேள்விகள் கேட்பேன். லைட் எப்போது எரிந்தது, நிற்கும்போதா ஓடும்போதா? ஏசி போட்டிருந்ததா? திரும்ப ஓடத் தொடங்கியதும் அணைந்ததா? கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள், எவ்வளவு விட்டீர்கள்? சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும், கை வைக்காமல் கதைத்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைப்பார்கள். ஆனால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில், திருவிழா நாட்களில், வாகனங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து போகும்போது லைட் எரிந்து, பிறகு நிலாவெளி ரோட்டில் காற்றுப் பிடித்து ஓடினதும் அணைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், நான் நேரே ஃபேன் பக்கம்தான் போவேன். ஓடுகிற வண்டிக்குக் காற்று தானாகக் கிடைக்கிறது, நிற்கிற வண்டிக்கு ஃபேன்தான் காற்று. மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்திருக்கலாம், ரிலே போயிருக்கலாம், எங்கள் ஊரில் அதைவிட அதிகமாகச் சொக்கெட் பச்சை பிடித்திருக்கும். கடற்கரையோரம் இரவு முழுக்க நிறுத்தி வைக்கிற வாகனங்களுக்கு உப்புக் காற்று செய்கிற வேலை அது. மீன் ஏற்றுகிற வாகனங்களின் ரேடியேட்டரைப் பார்த்தால் மனம் பதறும். குழாய்களுக்கு நடுவே இருக்கிற மெல்லிய அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டும். குழாய் ஓட்டையில்லாமல் இருக்கும், தண்ணீர் சுற்றும், ஆனால் சூட்டை வெளியே கடத்த அங்கே ஒன்றும் மிச்சமிராது. சேர்விஸ் ஸ்டேஷனில் அழுத்தமாக அடிக்கிற தண்ணீர்க் குழாயை ரேடியேட்டருக்கு நேரே பிடித்தாலும் அந்தத் தகடுகள் மடிந்து காற்று போகிற வழி அடைபட்டுவிடும். மெதுவான தண்ணீரில், எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகக் கழுவுவதுதான் முறை, அதற்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

நிற்கும்போது ஒன்றுமில்லை, கந்தளாய் தாண்டி நீள ஓட்டம் ஓடும்போதுதான் எரிகிறது என்றால் கதை வேறு. அங்கே காற்றுக்குக் குறைவில்லை. ஒன்று தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை, அல்லது தண்ணீரே போதாது. இந்த இரண்டாவதைத்தான் ஆட்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் குறைந்தது, விட்டேன், லைட் அணைந்தது, சரி. ஆனால் அது மூடிய சுற்று. வெளியே போக வழி இல்லாவிட்டால் அதில் தண்ணீர் குறையக் கூடாது. குறைந்தது என்றால் எங்கேயோ போயிருக்கிறது, அந்த இடம் தெரியாமல் ஒரு சாமானும் மாற்றக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே பிடிவாதம்.

மூதூர்ப் பக்கம் படிப்பிக்கிற ஒரு டீச்சரின் விட்ஸ் கார் அப்படித்தான் வந்தது. கிண்ணியாப் பாலத்தால் தினம் போய்வருகிற வண்டி. தினசரி ஓட்டத்தில் பிரச்சினை இல்லை, கொழும்புக்குப் போகும்போது ஹபரணைக்குக் கிட்ட சிவப்பு. வேறு இடங்களில் காட்டி ஃபேன் மோட்டார் மாற்றியாயிற்று, ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்தாயிற்று. லைட் மட்டும் போகவில்லை.

“தம்பி, ரேடியேட்டருக்குப் பக்கத்துப் போத்தல்ல தண்ணி நிறைய இருக்கு. ஒவ்வொரு நாளும் பாத்திட்டுத்தான் காரை எடுக்கிறன்,” என்றார்.

“ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாத்தனீங்களா டீச்சர்?”

“அதைத் திறக்கவே வேண்டாம் எண்டெல்லோ சொல்லுறாங்கள்.”

சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது என்பது உண்மை. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் நிற்கிறது, அதனால் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த அந்தக் கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஆறின எஞ்சினில் திறக்கலாம், திறந்து பார்க்கவும் வேண்டும். இரவு காரை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கோ, விடிய ஸ்டார்ட் பண்ண முன் நான் பார்க்க வேணும் என்று சொல்லி அனுப்பினேன்.

காலையில் பொனட்டைத் தூக்கினதும் மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடந்தது. இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டி, யாரோ பிடித்து நசுக்கினது போல. போத்தலில் தண்ணீர் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது, டீச்சர் சொன்னது சரிதான். மூடியை மெதுவாகத் திருப்பினேன். வெளியே ஒன்றும் வரவில்லை, காற்றுத்தான் ஸ்ஸ் என்று உள்ளே இழுபட்டது, ஹோஸ் டப் என்று பழைய உருவத்துக்கு வந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே தண்ணீரே தெரியவில்லை, குழாய்களின் வாய் காய்ந்துபோய்க் கிடந்தது. போத்தல் நிறைய, ரேடியேட்டர் வெறுமை.

நடந்தது இதுதான். எஞ்சின் சூடாகும்போது தண்ணீர் விரியும், அழுத்தம் மூடியின் அளவைத் தாண்டினால் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து மிச்சத்தைப் போத்தலுக்குத் தள்ளும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவிலிருக்கிற சின்ன வால்வு வழியாக அதே தண்ணீர் திரும்ப வரும். இந்த மூடியில் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது, சின்ன வால்வு துரு மண்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே நீள ஓட்டத்தில் தண்ணீர் வேண்டியதற்கு முன்பே தள்ளப்பட்டது, நிறைந்த போத்தலிலிருந்து வழிந்து ரோட்டிலேயே போயிற்று, போனது திரும்பி வரவில்லை. வீட்டில் நிறுத்தின இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூடக் காணாததால் லீக் இருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

இதில் தொழில் செய்கிற தம்பிமாருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். லீக் பார்க்கிற அந்தக் கைப் பம்பை நாங்கள் எங்கே பொருத்துகிறோம்? மூடி இருக்கிற இடத்தில். மூடியைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்கிறோம், அப்படியானால் மூடியின் பிழை அந்தச் சோதனையில் எப்படித் தெரியும்? பம்பில் முள் ஆடாமல் நிற்கும், வண்டி நல்லது என்று எழுதிக் கொடுப்போம், வண்டி திரும்ப ஹபரணையில் நிற்கும். மூடியைத் தனியாக அடாப்டரில் போட்டு அடித்துப் பார்க்க வேண்டும். தாங்க வேண்டிய அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 1.1 கிலோ என்பதைக் காட்ட மேலே 1.1 என்று அடித்திருந்தால் அந்த அளவுக்குக் கிட்டவாவது தாங்க வேண்டும், இந்த மூடி பாதிக்குக்கூட நிற்கவில்லை. 1.1 அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 பாகைக்குக் கிட்டத்தான் கொதிக்கும், கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் இன்னும் மேலே. அழுத்தம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் கீழே விழுந்துவிடும்.

மூடியோடு தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டேன், அதைப் பற்றி எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றி எறிவது எங்கள் நாட்டுக் கராஜ்களில் பரவலான பழக்கம். அது குளிர்நாட்டுச் சாமான் அல்ல. எஞ்சின் சீக்கிரம் சூடாகி, ஏறக்குறைய 82 பாகையில் திறந்து, அந்த வேலைச் சூட்டிலேயே நிற்கச் செய்வதுதான் அதன் வேலை. இல்லாவிட்டால் நீல லைட் அணைய நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்துக் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றும். அதைவிட மோசம், சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும், சூடு குறைவதற்குப் பதிலாக ஏறும். சந்தேகமென்றால் கழற்றி ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிப் பார்த்தால் திறக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு முன் தெரியும், எறிய வேண்டியதில்லை.

காரின் கம்ப்யூட்டரை வாசிக்கிற ஸ்கேனரும் இருக்கிறது, நானும் பாவிக்கிறேன். சூட்டு சென்சரின் வயர் அறுந்திருந்தால் அது மைனஸ் 40 பாகை காட்டும், பி 0118 என்று பிழைக் கோட் வரும், பல கார்களில் பாதுகாப்புக்காக ஃபேன் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்து எஞ்சின் கொதிக்கிறது என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. இன்னொரு ஆபத்து, தண்ணீர் மிகவும் குறைந்து சென்சர் வெறும் ஆவியில் நிற்கும்போது அது உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டலாம். சிவப்பு தானாக அணைந்துவிட்டது என்று தொடர்ந்து ஓட்டக் கூடாது என்பது இதனால்தான்.

வெளியே லீக் இல்லை, மூடி நல்லது, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் கடைசிச் சந்தேகம் ஹெட் கஸ்கட். ரேடியேட்டர் வாயில் நீல நிற மருந்துள்ள குழாயை வைத்து உறிஞ்சிப் பார்ப்போம், எரிந்த வாயு கலந்திருந்தால் மருந்து மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்ற வேணும் என்று ஒருவரிடம் சொல்ல முன் இந்த நிறமாற்றத்தை அவரையும் கூப்பிட்டுக் காட்டிவிடுவேன். பெரிய செலவு, அவருடைய கண்ணாலும் அவர் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடையில் 2022 பொருளாதார நெருக்கடி. சாமான் விலை ஏறி, கூலன்ட் வாங்க வழியில்லாமல் ஆட்கள் கிணற்றுத் தண்ணீரை விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கரையோரக் கிணறுகளின் உவர்த் தண்ணீர் உள்ளே செய்த சேதம் இப்போதுதான் ஒவ்வொன்றாக வெளிவருகிறது: வாட்டர் பம்பின் சில்லு அரித்து, குழாய்களுக்குள் வெள்ளைப் படிவு கட்டி, மூடியின் சின்ன வால்வு ஒட்டி. டீச்சரின் மூடிக்கும் அதுதான் நடந்தது. இப்போதும் அவசரத்துக்குத் தண்ணீர் விட வேண்டிவந்தால் போத்தல் தண்ணீரோ, பற்றரிக்கு விடுகிற தண்ணீரோ விடுங்கள், பிறகு வசதிப்பட்டதும் கூலன்ட் மாற்றிக்கொள்ளலாம்.

டீச்சரின் காரில் கூலன்ட் விட்டு, ஹீற்றரை முழுதாகத் திறந்து, குமிழி வருவது நிற்கும்வரை எஞ்சினை ஓட விட்டு, ஃபேன் தானாக ஓடி நிற்பதைப் பார்த்து, மூடியைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த நாள் காலை வீட்டிலேயே பொனட்டைத் தூக்கி ஹோஸைப் பார்த்து எனக்குக் கோல் எடுங்கோ என்றேன். உருண்டையாக இருக்குது தம்பி, போத்தலிலும் நீங்கள் கீறின கோட்டிலேயே நிக்குது என்றார். பிறகு கொழும்புக்கும் போய்வந்துவிட்டார்.

சிவப்பு எரிந்தால் ஏசியை நிறுத்தி, ஓரமாக எடுத்து, எஞ்சினை நிற்பாட்டி ஆற விடுங்கள். தண்ணீர் விட வேண்டிவந்தால் அளந்து விடுங்கள், ஒரு லீற்றர் போத்தலில் பாதியா முழுதா என்று. தேதியையும் ஓடின கிலோமீற்றரையும் எங்கேயாவது குறித்துக்கொண்டு வந்தால், கராஜில் நாங்கள் தேட வேண்டியது எங்கே என்று அந்தத் துண்டுக் கடதாசியே முக்கால்வாசி சொல்லிவிடும்.